சாயவேர்க் கரை

1775ஆம் ஆண்டளவில் இலண்டன் சுங்க அதிகாரிகள் ஒரு கட்டில் திரையைப் பறிமுதல் செய்தார்கள். திரைக்கு உரியவர் லேசுப்பட்ட ஆள் அல்லர். அக்காலத்து ஆங்கில நாடக மேடையில் முடிசூடா மன்னராக இருந்த டேவிட் கேரிக். கல்கத்தாவில் குடியிருந்த ஆங்கிலேயர், தங்கள் நாடகக் கொட்டகைக்கு அவர் செய்த உதவிக்கு நன்றியாக, மசூலிப்பட்டினத்தில் எழுதிச் சாயமேற்றிய பருத்தித் துணிகளை அவர் மனைவிக்கு அனுப்பியிருந்தார்கள். இந்தியச் சித்திரத் துணியை இங்கிலாந்தில் உடுத்துவதும் வீட்டில் தொங்கவிடுவதும் 1721இன் சட்டப்படி குற்றம். 1774இல் அந்தச் சட்டம் தளர்ந்தது என்றாலும், தளர்வின் பயன் இங்கிலாந்திலேயே செய்த துணிக்கு மட்டுந்தான். கேரிக் அரசாங்கத்தில் தெரிந்தவருக்கு வேடிக்கையும் கெஞ்சலும் கலந்து கடிதம் எழுதிப் பார்த்தார். அந்தத் துணிக்காகவே தாமஸ் சிப்பெண்டேலின் பட்டறையில் செய்வித்த, வெள்ளையும் பச்சையும் பூசிய கட்டில் இன்று இலண்டன் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் நூதனசாலையில் இருக்கிறது.

அரசாங்கம் ஒரு துணியைக் கண்டு பயப்படுவதற்குக் காரணம் அதன் அழகு மட்டுமல்ல. துவைத்தாலும் போகாத அதன் நிறம். அந்த நாளைய ஐரோப்பியக் கைகளுக்குப் பருத்தியில் நிற்கும் சிவப்பு எளிதில் அகப்படவில்லை. கம்பளியிலும் பட்டிலும் அவர்கள் வல்லவர்கள். பருத்தி அவர்களிடம் அடங்கவில்லை. சோழமண்டலக் கரையில் எழுதிய துணியோ எத்தனை முறை வெளுத்தாலும் சிவப்பு அப்படியே நின்றது. சில வகைகளில் வெளுக்க வெளுக்க மெருகேறியது என்றுகூடச் சொன்னார்கள். பிரான்சு 1686இலேயே இத்துணிக்குத் தடை போட்டு 1759 வரை விடாப்பிடியாக வைத்திருந்தது. ஒல்லாந்து தடை போடவில்லை. அது நெசவாளர் நாடு என்பதைவிட வணிகர் நாடு. ஆகவே ஆம்ஸ்டர்டாம் செல்வர் வீட்டில் அணியும் மேலங்கி முதல், ஃபிரீஸ்லாந்தின் ஹிண்டலோப்பன் என்னும் சிறு துறைமுக ஊர்ப் பெண்களின் நீள அங்கி வரை இந்தத் துணி இறங்கியது. ஹிண்டலோப்பனில் துக்கம் காக்கும் பெண்ணுக்கு நீலமும் வெள்ளையும். துக்கம் கழிந்தவளுக்குச் சிவப்பு. அந்த அங்கிகள் பலவற்றை லேவார்டன் நகரத்து ஃபிரீஸ் நூதனசாலையில் இன்றும் பார்க்கலாம்.

பார்ப்பவர் கண்ணாடிப் பெட்டியின் ஓரத்தில் உள்ள விளக்கச் சீட்டையும் படிப்பார். பருத்தி, கையால் எழுதிச் சாயமேற்றியது, சோழமண்டலக் கரை, 18ஆம் நூற்றாண்டு. சீட்டு அத்தோடு முடிந்துவிடும். தவறு என்று சொல்ல முடியாது. துணி நெய்ததும் எழுதியதும் அங்கேதான். ஆனால் தென்கரைத் துறைகளில் தோய்ந்த சிவப்பில் ஒரு பங்கு அந்தக் கரையில் முளைத்ததல்ல. அது கடலைக் கடந்து, மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் மண்ணைக் கிண்டி எடுத்த வேர்க்கட்டுகளாகத் தோணியேறிப் போனது.

இந்தக் கணக்கை யாழ்ப்பாணக் குடாநாட்டின் கீரிமலைக் கரையில் நின்று பார்ப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. பெயரில் மலை உண்டே தவிர, இது கடலோரத்தில் சற்றே உயர்ந்து நிற்கும் சுண்ணாம்புக்கல் மேடு. குடாநாடு முழுவதும் இந்தக் கல்லின்மேல்தான் கிடக்கிறது. மழைநீர் கல்லின் வெடிப்புகளில் இறங்கி, உள்ளே குகையும் ஓடையுமாக அரித்துக்கொண்டு வந்து, உப்புக் கடலுக்கு ஒரு சுவர் தள்ளி நன்னீராகக் கேணியில் ஊறுகிறது. நகுல முனிவர் முழுகிக் கீரிமுகம் நீங்கியதாகக் கதை சொல்லும் நீர் அது. ஆடி அமாவாசைக்குத் தகப்பனை இழந்தவர்கள் வந்து முழுகிப் பிதிர்க்கடன் தீர்க்கும் நீரும் அதுவே. நேர் வடக்கே கடல். அருகிலுள்ள காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினம் ஏறத்தாழ 110 கிலோமீற்றர். 2023 ஒக்டோபரில் இரண்டுக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியபோது அது புதிய பாதை போலத் தோன்றியது. இந்தப் பாதையின் வயது பலருக்கு மறந்துவிட்டது போலும்.

1658இல் ஒரே ஆண்டுக்குள் மன்னார், யாழ்ப்பாணம், நாகப்பட்டினம் மூன்றும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறின. 1781இல் ஆங்கிலேயர் நாகப்பட்டினத்தைப் பிடிக்கும்வரை, 123 ஆண்டுகள், நீரிணையின் இரு கரையிலும் ஒரே முதலாளி. வேர் கிடைக்கும் கரையும் வேர் வேண்டிய கரையும் ஒரே கணக்குப்பிள்ளையின் பேரேட்டுக்குள் இருந்த காலம் அது.

சாயவேர் பார்வைக்கு ஒன்றுமில்லாத பூண்டு. மணற்பாங்கான கரையோரங்களில் தரையோடு தரையாகப் படரும். ஊசி இலை, கடுகளவு வெள்ளைப்பூ. மிதித்துவிட்டுப் போகிறவருக்கு மிதித்ததே தெரியாது. சித்த மருத்துவர் இதனை இம்பூறல் என்று அறிவார். இரத்தம் கக்கும் நோய்க்குக் கொடுப்பார். செடியின் மதிப்பெல்லாம் மண்ணுக்குள். மெல்லிய, நீண்ட வேர். அதன் பட்டையில்தான் சாயச் சத்து. பயிரிட்ட செடியின் வேரைவிடத் தானாக முளைத்துக் கிடந்ததன் வேருக்கே சாயக்காரர் கூடுதல் விலை கொடுத்தார்கள். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கிடைத்தது அந்தக் காட்டுவேர். தனியே பார்த்தால் அதில் சிவப்பே கிடையாது, மங்கிய மஞ்சள் கலந்த ஒரு பழுப்பு. சிவப்பு பிறப்பது துணியில்.

பிறக்கும் விதத்தை ஐரோப்பியர் நெடுங்காலம் வேவு பார்த்தார்கள். புதுச்சேரியில் 1734 அளவில் போலியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி சாயக்காரர் பக்கத்திலேயே நின்று, வேலையின் ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குறிப்போடு சேர்த்து வைத்தார். அந்தத் துண்டுகள் பாரிசில் இன்னும் இருக்கின்றன. 1742இல் கேர்டு என்ற யேசுசபைக் குருவானவர், தாம் மதம் மாற்றிய சாயக்காரரிடம் கேட்டறிந்ததை நீண்ட கடிதமாக எழுதினார். ஞானத் தகப்பனிடம் தொழில் இரகசியத்தைச் சொல்லமாட்டேன் என்று எந்தச் சாயக்காரரால் மறுத்திருக்க முடியும்? கடிதம் அச்சேறியது, ஐரோப்பியத் துணிப்பட்டறைகளில் கைமாறி வாசிக்கப்பட்டது.

அந்தக் குறிப்புகளிலிருந்து தெரியவரும் வேலை இது. கோடித் துணியை வெளுத்து, அரைத்த கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைத்துக் காயவிடுவார்கள். கடுக்காயின் துவர்ப்பு நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு எழுதும் கோடு பரவாமல் காக்கும். துணியைத் தட்டி மழமழப்பாக்கி, துளையிட்ட காகிதத்தின்மேல் கரிப்பொடி தட்டிப் படத்தின் தடத்தை இறக்குவார்கள். மூங்கிலைச் சீவி, அதன்மேல் கம்பளி நூலோ மயிரோ சுற்றிய எழுதுகோல். கறுப்புக் கோட்டுக்கு, இரும்புத் துண்டுகளும் வெல்லமும் ஊறிப் புளித்த நீர். அது கடுக்காய் பட்ட துணியைத் தொட்டவுடன் கறுக்கும். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலால் எழுதுவார்கள். எழுதும் கைக்கு அங்கே சிவப்புத் தெரியாது. வரப்போகும் பூ முழுவதும் ஓவியரின் கணக்கில் மட்டும் இருக்கும்.

பிறகு வேர். இடித்த சாயவேரோடு துணியை நீரில் இட்டு மெல்லச் சூடேற்றுவார்கள். எடுத்துக் காயவைத்து, மறுபடி இடுவார்கள். படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவக்கும், மற்ற இடம் அழுக்கு இளஞ்சிவப்பாகக் கிடக்கும். சாணநீரில் நனைத்து வெயிலில் விரித்து நீர் தெளித்துத் தெளித்து எடுத்தால் அழுக்கு நீங்கி வெள்ளை திரும்பும், சிவப்பு மட்டும் அசையாது. நீலம் வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மீதி முழுவதும் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் முக்குவது அடுத்தது. கடைசியில் மஞ்சளைத் தூரிகையால் நீலத்தின்மேல் பூசிப் பச்சை இலை ஆக்குவார்கள். இந்த மஞ்சள் ஒன்றுதான் ஏமாற்றுக்காரன். இருநூறு ஆண்டு வெளிச்சத்தில் அது பறந்துபோனது. நூதனசாலைகளில் இந்தத் துணிகளின் இலைகள் நீலமாகத் தெரிவதைக் கண்டு, கீழைத்தேயக் கற்பனையின் விசித்திரம் என்று எழுதிய இரசிகர்கள் உண்டு. ஓவியர் பச்சை இலைதான் எழுதினார்.

எல்லாக் கிணற்று நீரும் இந்த வேருக்கு ஒத்துவராது என்பதைச் சாயக்காரர் அறிந்திருந்தார்கள். எல்லா மண்ணின் வேரும் ஒன்றல்ல என்பதையும் அறிந்திருந்தார்கள். கடற்சிப்பி நொறுங்கிக் கலந்த மணலில் விளைந்த வேருக்குத் தனி மதிப்பு. ஏன் என்று கேட்டால் வழிவழி வந்த அறிவு என்பதற்கு மேல் அவர்கள் விளக்கம் சொல்லத் தேவை இருக்கவில்லை. விளக்கம் ஐரோப்பாவில் வேறொரு வேரிலிருந்து வந்தது. அல்சாஸைச் சேர்ந்த ஷான் மிஷெல் ஹவுஸ்மான் என்ற சாயப்பட்டறைக்காரர், ரூவான் நகரத்தில் மஞ்சிட்டி வகை வேரைக் கொண்டு நல்ல சிவப்பு எடுத்துப் பழகியவர். கோல்மார் அருகே லொகெல்பாக் என்ற ஊரில் புதிய பட்டறை வைத்தபோது அதே வேர், அதே படிகாரம், அதே கை; சிவப்பு மட்டும் வரவில்லை. வித்தியாசம் நீரில். ரூவானின் நீரில் சுண்ணாம்பு கரைந்திருந்தது, லொகெல்பாக்கின் நீரில் இல்லை. சாயநீரில் சுண்ணாம்புப் பொடியைப் போட்டார், சிவப்பு வந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பியச் சாயக்கலைக்கு இது பெரிய கண்டுபிடிப்பு. அலிசரின் என்னும் சாயப்பொருளும் படிகாரத்தின் அலுமினியமும் கல்சியத்தோடு சேர்ந்து பிணைந்தால்தான் அந்த அசையாச் சிவப்பு உண்டாகும் என்று பிந்திய வேதியியல் உறுதிசெய்தது.

கீரிமலைக் கேணி நீரைக் கொதிக்கவைத்த பானையின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைக் கண்டவருக்கு ஹவுஸ்மானின் கண்டுபிடிப்பு புதுமையாக இராது. குடாநாட்டின் எந்தக் கிணற்று நீரும் இப்படித்தான். முருகைக்கல்லும் சிப்பியும் சுண்ணாம்புமான மண்ணில் வேரோடிய பூண்டு, ஐரோப்பியர் பின்னாளில் கரண்டியால் அளந்து போட்டதைத் தானே உறிஞ்சி வைத்துக்கொண்டிருந்தது. 1950இல் காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலை வந்து, இந்தக் கல்லை வெட்டிப் பெரும் பள்ளங்களாக்கியபோது, கல்லின் பயன் ஒரு மூடை சீமெந்தாகச் சுருங்கிவிட்டது.

இனி, வேரைக் கிண்டியவர்கள். யாழ்ப்பாணத்தில் சாயவேர் யாரும் போய்க் கிண்டி விற்கக்கூடிய பொருளாக இருக்கவில்லை. அது கம்பெனியின் தனியுரிமை. கிண்டும் கடமையும் பிறப்பால் வகுக்கப்பட்டிருந்தது. வேர்குத்துதல் என்றே அந்த வேலைக்குப் பெயர், அதற்குரியவர்களைச் சாதி வரிசையின் அடிப்படிகளில் நிறுத்தியிருந்தார்கள். கம்பெனி குறித்த விலைக்கு, கம்பெனியின் பண்டகசாலைக்கே வேர் போய்ச் சேரவேண்டும். ஊழியம், தலைவரி, இறை என்று குடிகளைச் சுற்றியிருந்த பல கயிறுகளில் இது ஒன்று. 1697இல் பதவி விட்டுப் போன யாழ்ப்பாணக் கொம்மாந்தர் ஹென்றிக் ஸ்வார்தெக்ரோன் தன் பின்னவர்களுக்கு எழுதிவைத்த நீண்ட குறிப்பில், யானை, பனை, வரி, கோயிற்பற்றுப் பள்ளிக்கூடம் என்ற வரிசையில் சாயவேரும் ஒரு விடயம். அந்த மனிதர் பின்னாளில் பத்தாவியாவில் கவர்னர் ஜெனரலாக உயர்ந்தார். அவர் கையெழுத்திட்ட கணக்குகளில் வேர் எடையாக இருக்கிறது. எந்த வெயிலில், எத்தனை முழம் மணல் கிண்டினால் ஒரு கட்டு வேர் சேரும் என்பது எடைக்குள் மறைந்துபோன சங்கதி.

மெல்லிய வேரை அறுந்துபோகாமல் முழு நீளத்துக்கும் எடுப்பது இலேசான வேலை அல்ல. அறுந்தால் சாயம் மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும். எழுதுகோல் பிடித்த கைக்கு என்ன நிதானம் வேண்டுமோ அதே நிதானம் கிண்டுகோல் பிடித்த கைக்கும் வேண்டியிருந்தது. கலை வரலாறு முதற்கையை இப்போதுதான் மெல்ல மெல்ல மதிக்கத் தொடங்கியிருக்கிறது. இரண்டாவது கையைப் பொருளாதார வரலாற்றுக்காரர்களிடம் தள்ளிவிட்டது. அவர்கள் அதை ஏற்றுமதி அட்டவணையில் சேர்த்துக்கொண்டார்கள். ஓவியத்தின் நிறம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி ஐரோப்பிய ஓவியத்தில் கேட்கப்படும்போது கலைக் கேள்வியாக இருக்கிறது. ஆப்கானிஸ்தானத்து நீலக்கல் இத்தாலிக்குப் போன கதையை எழுதாத கலை நூல் இல்லை. சாயவேருக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

18ஆம் நூற்றாண்டின் கடைசிக் கால்பகுதியில் துணியின் முகமே மாறியது. திரைத் துணிகளில் பாறை மேட்டில் வேரூன்றி, ஒரே கிளையில் பத்து விதப் பூப்பூக்கும் அந்தப் பெரிய மரம் — எந்த நாட்டுத் தாவரவியலாளரும் அடையாளம் காணமுடியாத மரம் — பழைய மோஸ்தராகிவிட்டது. பொம்பேயி அகழ்வுகளுக்குப் பின் ஐரோப்பாவுக்குக் கிரேக்க ரோமப் பித்துப் பிடித்திருந்தது. நேர்கோடு, வெள்ளை வெளி, சிறிய பூங்கொத்து, நாடா முடிச்சு என்று கேட்டார்கள். மாதிரிகள் கப்பலில் வந்தன. கரையோர ஓவியர்கள் அவற்றையும் எழுதிக் கொடுத்தார்கள். எழுதும்போது பூவின் உள்ளே நுண்புள்ளிகளையும் இடைக்கோடுகளையும் தங்கள் வழக்கப்படி நிரப்பினார்கள். அதனால் பாரிசுப் பட்டின் மாதிரியைப் பார்த்து எழுதிய துணியிலும் பூ பாரிசுப் பூவாக வரவில்லை. அந்த வராமையில்தான் அதன் அழகு இருக்கிறது. பெருமரத் துணிகளின் ஆரவாரத்தைவிட இந்தச் சிறுபூத் துணிகளே உயர்ந்தவை என்று துணிந்து சொல்லலாம்; சிவப்பு நுனிப்பூவாகக் குறைந்தபோதுதான் அதன் தரம் தனித்துத் தெரிந்தது.

இதே காலத்தில் ஐரோப்பிய ஓவியர்கள் தாங்களே கரையிறங்கினார்கள். டில்லி கெட்டில் 1769இல் சென்னைக்கு வந்து ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியை எண்ணெய் வண்ணத்தில் எழுதினார். அவருக்குப் பின் ஜார்ஜ் வில்லிசன் அதே நவாபை மறுபடியும் மறுபடியும் எழுதினார். நவாபின் கடன் பத்திரங்களை வைத்திருந்தவர்களும் அவர் உருவப்படத்தை வைத்திருந்தவர்களும் பெரும்பாலும் ஒரே கூட்டம். தாமஸ் டானியலும் அவர் அண்ணன் மகன் வில்லியமும் 1792இல் தெற்கே இராமேஸ்வரம் வரை வந்தார்கள். கோபுரமும் சிதைந்த மண்டபமும் பாறைக்கோட்டையும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. அவற்றை 1795 முதல் இலண்டனில் பெரிய வண்ணத்தாள்களாக அச்சிட்டார்கள். நீரிணைக்கு இப்பால் அவர்கள் வந்திருந்தாலும் கீரிமலையில் எழுதுவதற்கு ஒன்றும் இருந்திராது. அங்கிருந்த நகுலேஸ்வரம் கோயிலைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்துவிட்டார்கள். ஓவியர் விரும்பும் இடிபாடாகக்கூட மிச்சம் வைக்கவில்லை. ஆறுமுக நாவலர் முன்னெடுத்த முயற்சி பலித்து அங்கே மறுபடி கோயில் எழுந்தது அடுத்த நூற்றாண்டின் பிற்பகுதியில்.

யாழ்ப்பாணத்துக்கு வந்த ஒருவர் உண்டு. ஜேக்கப் ஹாஃப்னர், 1754இல் ஜேர்மனியின் ஹாலேயில் பிறந்து, சதுரங்கப்பட்டினத்து ஒல்லாந்தக் கம்பெனியில் கணக்கெழுதியவர். 1781இல் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டு, பின்னர் தப்பி இலங்கைக்கு வந்து, 1783இல் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் கால்நடையாகப் போனார். தமிழ் பழகியவர், சோழமண்டலக் கரையின் தேவதாசி ஒருத்தியைக் காதலித்து அதைப் பின்னாளில் வெட்கமில்லாமல் எழுதியவர், ஐரோப்பியர் கீழை நாடுகளில் செய்ததை அவர்கள் முகத்துக்கு நேரே திட்டியவர். படமும் வரைவார். அக்காலத்துக் கம்பெனி ஆட்களில் இவ்வளவு கண் திறந்திருந்தவர் அரிது. ஆனால் அவர் கண்ணும் ஆடலையும் காட்டையும் யானையையும் நோக்கித்தான் போயிற்று. டானியல் குடும்பத்தின் இளையவர் சாமுவேல் 1806 அளவில் இலங்கைக்கு வந்து, ஐந்தாறு ஆண்டுகள் காடுகளில் அலைந்து எழுதி 1811இல் இங்கேயே இறந்தார், அவருக்கும் அப்படியே. நிறத்துக்காக இந்த மண்ணுக்குக் கடன்பட்ட ஐரோப்பா, படத்துக்காக அதைத் திரும்பிப் பார்த்தபோது வேருக்கு மேலே உள்ளதை மட்டுமே பார்த்தது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் யாழ்ப்பாணத்தில் இரண்டு பெரிய கட்டடவேலைகள் நடந்தன. ஒல்லாந்தர் தங்கள் ஐங்கோணக் கோட்டையின் வெளியரண்களை 1792இல் முடித்தார்கள். கணிதப் பிசகில்லாத ஐரோப்பிய வடிவம், முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் நம்முடையவை. அதற்குச் சற்று முன்பாக வண்ணார்பண்ணையில் வைத்திலிங்கச் செட்டியார் வைத்தீஸ்வரன் கோயிலை எழுப்பினார். போர்த்துக்கேயர் காலத்தில் இடிபட்ட சைவம், ஒல்லாந்தரின் பிடி தளர்ந்த வேளையில் கல்லாகத் தலைநிமிர்ந்தது. செட்டியாரின் கோயில் நிலைத்தது. வெளியரண் முடிந்து மூன்று ஆண்டுகளில், 1795 செப்டெம்பர் 28இல், கோட்டை ஆங்கிலேயரிடம் சரணடைந்தது.

அதே 1795இல் இலண்டனில் ஒரு நூலின் முதற்பாகம் வெளிவந்தது. வில்லியம் ராக்ஸ்பரோ என்ற ஸ்கொட்லாந்து மருத்துவர் கோதாவரிப் பகுதிச் சாமல்கோட்டில் இருந்தபடி இந்திய ஓவியர்களை அமர்த்திச் செடிகளை எழுதுவித்து, ஆங்கிலேயக் கம்பெனியின் செலவில் பதிப்பித்த சோழமண்டலக் கரைத் தாவரங்கள். அந்த முதற்பாகத்திலேயே சாயவேர் இருக்கிறது. இலை, பூ, வேர் எல்லாம் தனித்தனியே, துணியில் பூ எழுதிய மரபின் நுணுக்கத்தோடு. சாயவேர் துணியில் எத்தனையோ பூக்களைச் சிவக்கவைத்தது; தன் சொந்த உருவத்தில் காகிதத்தில் அமர்வது அபூர்வம். ராக்ஸ்பரோவுக்கு நோக்கம் கலை அல்ல, பயிர்ப் பொருளாதாரம். அவர் அமர்த்திய ஓவியர் யாரென்று நூல் சொல்வதில்லை. ஆயினும் 18ஆம் நூற்றாண்டு இந்த வேருக்குச் செய்த அரிய ஓவிய மரியாதையாக அந்தத் தாள் நிற்கிறது.

மரியாதை கிடைத்தபோது காலம் கடந்துவிட்டது. ஷூயி ஆன் ஷோசாவில் ஓபர்காம்ப் 1760இல் தொடங்கிய அச்சுத்துணிப் பட்டறை ஐரோப்பியப் பூக்களை ஐரோப்பாவிலேயே பெருக்கிக்கொண்டிருந்தது. 1783இல் தாமஸ் பெல் உருளை அச்சுக்குக் காப்புரிமை பெற்றார். ஓவியர் மாதக்கணக்கில் எழுதியதை உருளை ஒரே நாளில் உருட்டியது. நாகப்பட்டினம் 1781இல் கைமாறிய பின் நீரிணையின் இரு கரைக்கும் இருந்த ஒரே பேரேடு கிழிந்தது. ஒல்லாந்தக் கம்பெனியே 1799இன் முடிவில் கலைக்கப்பட்டது. ஆங்கிலேயர் யாழ்ப்பாணத்துச் சாயவேரைச் சில பத்தாண்டுகள் அரசாங்கத் தனியுரிமையாகத் தொடர்ந்து வைத்திருந்தார்கள். 1868இல் ஜேர்மன் வேதியியலாளர் கிரேபேயும் லீபர்மானும் அலிசரினை ஆய்வுகூடத்தில் செய்துகாட்டியபோது பிரான்சின் மஞ்சிட்டி வயல்களும் சோழமண்டலத்தின் சாயவேர்க் கொல்லைகளும் ஒன்றாகச் சரிந்தன. வேர்குத்தியவரின் பிள்ளைகளை அந்தக் கடமை விட்டது. கடமை சுமத்திய சாதி விடவில்லை.

2020இல் டொரண்டோவின் றோயல் ஒன்ராறியோ நூதனசாலை இந்தியச் சித்திரத் துணிகளுக்கென்று பெரிய கண்காட்சி ஒன்று வைத்தது. ஜோன் இர்வினும் கதரின் பிரெட்டும் 1970இல் எழுதிய முன்னோடி நூலுக்கு ஆதாரமான சேகரிப்புகளில் ஒன்று அங்கேதான் உள்ளது. கீரிமலையைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் போரால் இடம்பெயர்ந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் நிறைந்த நகரம் டொரண்டோ. சாயவேர் போன தூரத்தைவிட அதிக தூரம் போனவர்கள். கண்ணாடிக்கு அப்பால் இருப்பது நாகப்பட்டினத்துப் பொருள், மசூலிப்பட்டினத்துப் பொருள், ஆகவே அயலூர்ப் பொருள் என்று அவர்கள் கடந்து போயிருந்தால் குற்றம் அவர்களுடையதல்ல. சீட்டு அப்படித்தான் எழுதப்படுகிறது.

சீட்டைத் திருத்த வழி இல்லாமல் இல்லை. நூலிழை ஒன்றை எடுத்துச் சாயத்தைப் பகுத்தால், ஐரோப்பிய மஞ்சிட்டியில் அலிசரினோடு பர்ப்பியூரின் என்னும் இன்னொரு சாயப்பொருளும் தெரியும். சாயவேரில் அலிசரின் இருக்கும், பர்ப்பியூரின் இராது. துணி எந்த வேரில் தோய்ந்தது என்று இதனால் சொல்லிவிடலாம். எந்தக் கரையின் வேர் என்பதைக் காகிதங்கள்தாம் சொல்லவேண்டும். கொழும்புத் தேசிய சுவடிக் காப்பகத்திலும் ஹேக் நகரத்து ஆவணக் காப்பகத்திலும் ஒல்லாந்தக் கம்பெனியின் ஏடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன.

அவற்றோடு சேர்த்துத் தேடவேண்டியவை யாழ்ப்பாணத் தோம்புகள் என்னும் பதிவேடுகளில் எஞ்சியவை. ஒல்லாந்தர் நிலத்துக்கு ஒரு தோம்பும் தலைக்கு ஒரு தோம்பும் வைத்திருந்தார்கள். தெல்லிப்பழை, மயிலிட்டி என்று கோயிற்பற்று கோயிற்பற்றாக, ஊர் ஊராக, யார் எந்தச் சாதி, எவருக்கு என்ன ஊழியம் என்று பதிந்தார்கள். துணியை எழுதிய ஓவியர்களோடு கம்பெனிக்கு நேரடிக் கணக்கு இருக்கவில்லை. நடுவில் வணிகர்கள் நின்று முன்பணம் கொடுத்துத் துணியை வாங்கிக் கொடுத்தார்கள். ஆகவே ஓவியர் பெயர் ஏறவேண்டிய ஏடே உண்டாகவில்லை. வேர் கிண்டியவர் கம்பெனிக்கு நேரே கடமைப்பட்டவர். தப்பி ஓடினால் தேடிப் பிடிக்கவேண்டுமே என்பதற்காக அவர் பெயரை எழுதிவைக்கும் தேவை கம்பெனிக்கு இருந்தது. ஐரோப்பிய நூதனசாலைகளில் தொங்கும் ஒரு சிவப்புப் பூவுக்கு உழைத்தவர்களில் பெயரோடு அகப்படக்கூடியவர் யாராவது உண்டென்றால் அது அந்த மனிதராகத்தான் இருக்கும். தேடப்போகிறவருக்குப் பழைய ஒல்லாந்தக் கையெழுத்தும் தெரியவேண்டும். ஒல்லாந்தன் காதில் விழுந்தபடி எழுதிவைத்த ஊர்ப்பெயரையும் ஆட்பெயரையும் தமிழில் திருப்பிக் கேட்கும் காதும் வேண்டும்.